செயின்ட் லூயிஸ்: வாசலில் காசு கேட்காத ஊர்

அம்மா முதன்முறை அமெரிக்காவில், மிசூரி மாநிலத்தில் இருக்கும் செயின்ட் லூயிஸ் வந்தபோது, உயிரியல் பூங்கா வாசலில் கைப்பையைத் திறந்து வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"டிக்கெட் எங்கே வாங்குவது, தம்பி?"

"டிக்கெட் கிடையாது அம்மா. நேரே உள்ளே போகலாம்."

அவர் நகரவில்லை. பைக்குள் விட்ட கை அப்படியே இருந்தது. "நமக்குமா?" என்று கேட்டார்.

நமக்கும்தான். நீ இந்த ஊர்க்காரனா, இந்த நாட்டுக் குடிமகனா, வரி கட்டுகிறவனா என்று அந்த வாசலில் யாரும் கேட்பதில்லை. இது யாரோ ஒரு கோடீஸ்வரரின் தர்மமும் இல்லை. 1904இல் இந்த ஊரில் உலகக் கண்காட்சி நடந்தபோது ஸ்மித்சோனியன் நிறுவனம் 228 அடி நீளத்தில் ஒரு பறவைக் கூண்டை அமைத்தது. ஆள் உள்ளே நடந்து போகலாம், பறவைகள் தலைக்கு மேல் பறக்கும். கண்காட்சி முடிந்ததும் அதைப் பிரித்து வாஷிங்டனுக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. ஊர் மக்களுக்கு மனம் வரவில்லை. நகரம் 3,500 டாலர் கொடுத்து அதை வாங்கிக்கொண்டது. அந்தக் கூண்டைச் சுற்றித்தான் உயிரியல் பூங்கா வளர்ந்தது. 1916இல் மக்கள் தங்கள் சொத்து வரியில் ஒரு சிறு பங்கைப் பூங்காவுக்கென்று ஒதுக்க வாக்களித்தார்கள். அந்தக் காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொரு சென்ட்டாகச் சேர்த்த காசில் ஒரு யானை வாங்கி, அதற்கு 'மிஸ் ஜிம்' என்று பெயரும் வைத்தார்கள். 1971இல் நகரமும் அதைச் சூழ்ந்திருக்கும் கவுண்டியும் (நம் மாவட்டம் மாதிரி) மறுபடி வாக்களித்து, கலை அருங்காட்சியகத்தையும் அறிவியல் அருங்காட்சியகத்தையும் அதே ஏற்பாட்டில் சேர்த்தன. பின்னாளில் வரலாற்று அருங்காட்சியகமும் சேர்ந்தது. இன்றுவரை இந்த நான்கிலும் நுழைவுக் கட்டணம் இல்லை.

இதை எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சிகாகோவிலிருந்து இங்கே வர காரில் ஐந்து மணி நேரம் ஆகும். தெரிந்தவர்கள் பலர் வருகிறார்கள்; ஊரின் அடையாளமான 'ஆர்ச்' என்ற பெரிய எஃகு வளைவின் கீழே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்; இரண்டு மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். "அங்கே வேறென்ன இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். எனக்கு அது வலிக்கிறது. இந்த ஊர் தன்னிடம் உள்ள நல்லவற்றைப் பொதுவில் வைத்திருக்கிறது. அவற்றுக்கு இரண்டு நாளாவது கொடுக்க வேண்டும்.

ஆர்ச்சைப் பார்க்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மிசிசிப்பிக் கரையில் 630 அடி உயரம். கால்களுக்கு இடையே உள்ள அகலமும் அதே 630 அடி. ஆனால் பார்க்கிற யாருக்கும் உயரம்தான் அதிகம் என்று தோன்றும். வரைந்தவர் ஈரோ சாரினென், ஃபின்லாந்தில் பிறந்தவர். வேலை தொடங்கும் முன்பே, 1961இல், இறந்துவிட்டார். தனித்தனியே எழும்பிய இரண்டு கால்களும் 1965 அக்டோபர் 28 அன்று உச்சியில் சேர்ந்தன. வெயில் பட்ட தெற்குக் கால் சூட்டில் விரிந்து நின்றதால், தீயணைப்புக் குழாய்களால் அதன்மீது தண்ணீர் பீய்ச்சிக் குளிரவைத்துக்கொண்டேதான் கடைசித் துண்டைப் பொருத்தினார்கள். கட்டுமானத்தில் பதின்மூன்று பேர் வரை இறக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். ஒருவர்கூட இறக்கவில்லை. என்னைக் கேட்டால், அந்த எஃகைவிடப் பெரிய சாதனை இதுதான்.

மேலே போகக் காசு உண்டு, முன்பதிவும் செய்ய வேண்டும். அடியில் இருக்கும் அருங்காட்சியகம் இலவசம். மேலே ஏறும் டிராம் நாம் நினைக்கிற லிஃப்ட் மாதிரி இருக்காது. ஒரு பெட்டிக்கு ஐந்து இருக்கைகள், முழங்காலோடு முழங்கால் இடிக்கும். கதவு தாழ்வானது, குனிந்துதான் நுழைய வேண்டும். வளைவுக்கு ஏற்பப் பெட்டி சாயும், பிறகு 'டக்'கென்று தன்னை நிமிர்த்திக்கொள்ளும். கதவுக் கண்ணாடி வழியே ஆர்ச்சின் உட்புறப் படிகளும் இரும்புச் சட்டங்களும் கீழே நழுவிக்கொண்டே போகும். நான்கு நிமிடம். அம்மா அந்த நான்கு நிமிடமும் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அடைபட்ட இடத்துக்குப் பயப்படுகிறவர்கள் உட்கார்ந்து பார்க்கவென்றே கீழே ஒரு மாதிரிப் பெட்டி வைத்திருக்கிறார்கள். டிக்கெட் வாங்கும் முன் அதில் ஏறிப் பாருங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் படிகள் நிறைய இருப்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உச்சியில் ஜன்னல்கள் மிகக் குறுகலானவை. சாய்ந்த திண்டின்மீது வயிறு படியப் படுத்துத்தான் எட்டிப் பார்க்க வேண்டும். கிழக்கே பழுப்பு நிற ஆறும் அதில் வரிசை கட்டிப் போகும் சரக்குப் படகுகளும். மேற்கே நேர் கீழே, பச்சைக் கூரைக் குவிமாடத்தோடு ஒரு பழைய கட்டடம். கீழே இறங்கியதும் அங்கே போங்கள்.

அது பழைய நீதிமன்றம். அடிமையாக வைக்கப்பட்டிருந்த டிரெட் ஸ்காட்டும் அவருடைய மனைவி ஹாரியட்டும் 1846இல் தங்கள் விடுதலைக்காக வழக்குத் தொடுத்தார்கள். விசாரணை இங்கே நடந்தது. 1850இல் இந்தக் கட்டடத்தில் அமர்ந்த நடுவர் குழு அவர்களுக்கு விடுதலை என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் அது பறிபோனது. 1857இல் நாட்டின் உச்ச நீதிமன்றம், கறுப்பின மக்கள் குடிமக்களே ஆக முடியாது என்றது. உள்நாட்டுப் போரை நோக்கி நாட்டைத் தள்ளியவற்றில் அந்தத் தீர்ப்பும் ஒன்று. அதே ஆண்டு வேறு வழியில் விடுதலை பெற்ற ஸ்காட், அடுத்த ஆண்டே இறந்துபோனார். இதே கட்டடத்தின் படிக்கட்டில் மனிதர்களை ஏலம் விட்டிருக்கிறார்கள். அந்தப் படியில் நின்று திரும்பிப் பார்த்தால், எதிரே ஆர்ச் தெரியும்.

நகரின் வடக்கே கால்வரி கல்லறைத் தோட்டத்தில் ஸ்காட்டின் கல்லறை இருக்கிறது. சுற்றுலாப் பேருந்துகள் அங்கே போவதில்லை. கல்லின்மீது எப்போதும் ஒரு சென்ட் நாணயங்கள் வரிசையாக இருக்கும்; அதில் பொறித்திருக்கும், அடிமை முறைக்கு முடிவு கட்டிய லிங்கனின் முகம் மேலே தெரியும்படி வைத்துவிட்டுப் போகிறார்கள். நானும் வைத்தேன். மழையில் பச்சை பூத்துக் கறுத்த நாணயங்களுக்கு நடுவே என்னுடையது மட்டும் பளபளவென்று கிடந்தது.

ஆர்ச்சிலிருந்து வடக்கே சில நிமிட நடையில் ஈட்ஸ் பாலம். 1874இல் திறந்தது. ஜேம்ஸ் ஈட்ஸ் அதற்கு முன் ஒரு பாலம்கூடக் கட்டியவர் இல்லை. ஆற்றில் மூழ்கிய படகுகளிலிருந்து சரக்கை மீட்டுப் பிழைத்தவர். அதனால் இந்த ஆற்றின் அடி மணல் எப்படி ஓடும் என்று அவருக்குத் தெரியும். மணலை நம்பாமல் பாறைவரை போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ஆற்றுக்கு அடியில், காற்றழுத்தம் ஏற்றிய அறைகளுக்குள் ஆட்கள் இறங்கித் தோண்டினார்கள். அங்கிருந்து வேகமாக மேலே வந்தால் உடலுக்குள் என்ன நடக்கும் என்று அப்போது மருத்துவத்துக்கே சரியாகத் தெரியாது. பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், பலருக்குக் கை கால் விழுந்தது. எஃகுப் பாலத்தை மக்கள் நம்பவில்லை. உறுதியில்லாத இடத்தில் யானை கால் வைக்காது என்பது ஊர் நம்பிக்கை. ஆகவே திறப்புக்கு முன் ஒரு யானையைப் பாலத்தின் மேல் நடக்க விட்டார்கள். அது தயங்காமல் அக்கரைக்குப் போனது. யானை சொன்னால் நம்பலாம் என்று அம்மாவும் சொன்னார். இன்று மேல்தளத்தில் நடக்கலாம். கீழ்த்தளத்தில் மெட்ரோலிங்க் ரயில் ஓடுகிறது. விமான நிலையத்தில் ஏறினால் அதே ரயில் ஊருக்குள் வந்து, இந்தப் பாலத்தின் வழியே ஆற்றைக் கடந்து போகும்.

இரண்டாவது நாளை முழுக்க ஃபாரஸ்ட் பார்க்குக்குக் கொடுத்துவிடுங்கள். 1,300 ஏக்கர் அளவு. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கைவிடப் பெரியது. உயிரியல் பூங்கா, கலை அருங்காட்சியகம், வரலாற்று அருங்காட்சியகம் எல்லாமே இதற்குள். 1904 கண்காட்சி நடந்ததும் இங்கேதான். அந்தக் கோடையில், இந்தியத் தேயிலையை விளம்பரம் செய்ய வந்த ரிச்சர்ட் பிளெச்சிண்டன் சூடான தேநீரை வைத்துக்கொண்டு கூவிப் பார்த்திருக்கிறார். வெயிலில் யாரும் சீண்டவில்லை. பனிக்கட்டி போட்டுக் கொடுத்ததும் கூட்டம் மொய்த்தது என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கதை. குளிர் தேநீரை அவர் கண்டுபிடிக்கவில்லை, அது முன்பே இருந்தது. ஆனால் அதற்குப் பேர் வாங்கிக் கொடுத்ததில் அவருக்குப் பங்குண்டு.

அந்தக் கண்காட்சியின் இன்னொரு பக்கத்தையும் வரலாற்று அருங்காட்சியகம் மறைக்காமல் வைத்திருக்கிறது. பிலிப்பீன்ஸிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்களைக் கொண்டுவந்து, குடிசை போட்டுத் தங்கவைத்து, வேடிக்கைப் பொருளாகக் காட்டினார்கள். அம்மா அந்தப் படங்களின் முன்னே வெகுநேரம் நின்றார். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண்ணின் படத்தைக் காட்டி, "இவள் ஊருக்குத் திரும்பிப் போனாளா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கலை அருங்காட்சியகம் ஒரு குன்றின்மேல் இருக்கிறது. கண்காட்சிக்கு எழுப்பிய மாளிகைகளில் பெரும்பாலானவை சாந்தும் நாருமாகப் பூசியவை, இடித்துவிட்டார்கள். நிலைத்து நிற்கட்டும் என்று கல்லால் கட்டியது இது. வாசலுக்கு மேலே, 'கலைக்குச் சமர்ப்பணம், அனைவருக்கும் இலவசம்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே மாக்ஸ் பெக்மானின் ஓவியங்கள் உலகிலேயே அதிகம் சேர்ந்திருப்பது இங்கேதான். நாஜிகளிடமிருந்து தப்பி வந்த அவர் இரண்டாண்டு இந்த ஊரில் பாடம் நடத்தினார். கட்டணம் இல்லை என்பதன் அருமை இங்கே புரியும். ஒரே ஓவியத்தை அரை மணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். கொடுத்த காசுக்கு எல்லா அறையையும் சுற்ற வேண்டும் என்ற பரபரப்பு இல்லை. பனி விழுந்த நாளில் வெளியே குன்றுச் சரிவு முழுக்கப் பிள்ளைகள். பிளாஸ்டிக் சறுக்குப் பலகை உள்ளவன் அதில், இல்லாதவன் அட்டைப் பெட்டியைக் கிழித்து அதில்.

கோடையில் வருகிறவர்கள் 'முனி'யை விட்டுவிடாதீர்கள். திறந்தவெளி இசை நாடக அரங்கு. சுமார் 11,000 இருக்கைகள். அவற்றில் கடைசி வரிசைகளில் ஏறத்தாழ 1,500 இருக்கைகள் எந்த நாடகமானாலும் இலவசம், முந்தியவருக்கு இடம். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இதுதான் வழக்கம். சாப்பாட்டுக் கூடையும் தொலைநோக்கியுமாக மாலை ஆறு மணிக்கே வரிசை நிற்கும். மேடைக்கு மேல் பெரிய மரக்கிளைகள், ஊடே நட்சத்திரங்கள். 2025 மே 16 அன்று வீசிய சூறாவளி இந்தப் பூங்காவின் ஏராளமான மரங்களைச் சாய்த்துவிட்டது. பூங்காவுக்கு வடக்கே ஏழைகள் வாழும் தெருக்களில் வீடுகளையே பிய்த்தெறிந்தது. அடுத்த சில வாரங்கள் ஊரே அங்கே சோறும் தார்ப்பாயும் சுமந்து போனது.

காசு கொடுத்துப் பார்க்க வேண்டியவற்றில் தாவரவியல் தோட்டத்துக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். ஹென்றி ஷா 1859இல் திறந்தது. 79 ஏக்கர். அங்கே 'கிளைமட்ரான்' என்று 1960இல் கட்டிய கண்ணாடிக் குவிமாடம். உள்ளே ஒரு தூண்கூட இல்லை. ஜனவரியில் ஒரு நாள், வெளியே நீர் உறையும் குளிரில், அம்மாவை அங்கே கூட்டிப் போனேன். இரட்டைக் கதவைத் தாண்டியதும் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. கழற்றித் துடைக்கக்கூட அவர் அவசரப்படவில்லை. கண் தெரியாமலே நின்று மூச்சை இழுத்து, "மழை பெய்து விட்ட வாசனை" என்றார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலில் பார்த்தது வாழை. குளிர்கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, இலையை விரலால் நீவினார். மூன்று மாதமாக ஊரை நினைத்துச் சரியாகத் தூங்காமல் இருந்தவர் அன்று இரவு தூங்கினார். அதன்பின் அந்தக் குளிர்காலத்தில் ஏழெட்டு முறை போயிருப்போம்.

சாப்பாட்டைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மாவுக்குள் பூரணம் வைத்த வறுத்த ரவியோலி இந்த ஊரின் பெருமை, ஆனால் பெரும்பாலும் உள்ளே மாட்டிறைச்சி வைத்திருப்பார்கள். சாப்பிடாதவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். டெட் ட்ரூஸ் கடையின் 'கான்கிரீட்' என்ற, ஐஸ்கிரீம் போன்ற ஃப்ரோசன் கஸ்டர்டைக் கோப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் கையில் தருவார்கள், சிந்தாது. கஸ்டர்டில் முட்டை மஞ்சள் கரு உண்டு. கூயி பட்டர் கேக்கை மட்டும் யார் வந்தாலும் நான் வாங்கிக் கொடுக்காமல் அனுப்புவதில்லை.

பிள்ளைகளோடு வந்தால் சிட்டி மியூசியம். பெயர்தான் மியூசியம்; ஒரு பழைய காலணி நிறுவனத்தின் கட்டடத்தில் பாப் காசில்லி என்ற சிற்பி 1997இல் திறந்த பிரம்மாண்டமான விளையாட்டிடம். மேல்மாடியிலிருந்து காலணிகளைக் கீழே அனுப்பிய சுருள் சரிவுகளில் இப்போது பிள்ளைகள் பத்து மாடி சறுக்கி வருகிறார்கள். கூரையின் விளிம்பில் ஒரு பள்ளிப் பேருந்து பாதி வெளியே தொங்குகிறது. இந்த ஊரில் இடித்த கட்டடங்களின் கம்பி, ஓடு, கல் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டியது அது. சேர்ப்பதற்கு இவ்வளவு கிடைத்தது ஏன் என்பதும் இந்த ஊரின் கதைதான். 1950இல் இங்கே 8,56,796 பேர். 2020 கணக்கெடுப்பில் 3,01,578. வடக்குப் பகுதியில் காரில் போனால், கூரை விழுந்த அழகான செங்கல் வீடுகள் தெருத்தெருவாக நிற்கும். ஆள் குறைந்து வரி குறைந்தபோதும், முதலில் சொன்ன அந்த நான்கு வாசல்களில் மட்டும் இவர்கள் கட்டணம் வைக்கவில்லை. இதை நினைக்கும்போது எனக்கு இந்த ஊர் மக்கள்மீது பெரிய மரியாதை வருகிறது.

லிண்டெல் சாலையில் உள்ள பேராலயத்துக்கு எந்த மதத்தவரும் போகலாம். உள்ளே அண்ணாந்து பாருங்கள்: 4 கோடியே 15 லட்சம் கண்ணாடித் துண்டுகள், 7,000க்கும் மேற்பட்ட நிறச் சாயல்கள். 1912இல் பதிக்கத் தொடங்கி 1988இல் முடித்தார்கள். அம்மா அங்கே ஒரு மெழுகுவத்தி ஏற்றினார்.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தைய வாரம், மார்ச் மாதக் கடைசியில், ஆற்றைக் கடந்து இலினாய்ஸ் பக்கம் கஹோகியாவுக்குப் போனோம். காரில் இருபது நிமிடம். ஐரோப்பியர் வருவதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்பு, சுமார் 1100ஆம் ஆண்டு வாக்கில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த நகரம் அது. தங்கள் நகரத்தை அவர்கள் என்ன பெயரால் அழைத்தார்கள் என்பதுகூட யாருக்கும் தெரியாது. கஹோகியா என்பது பின்னால் அங்கே வந்த வேறொரு குடியின் பெயர். நூற்றுக்கும் மேற்பட்ட மண் மேடுகளை எழுப்பியிருக்கிறார்கள். பெரியதான மாங்க்ஸ் மவுண்ட் நூறு அடி உயரம், அடிப்பாகம் பதினான்கு ஏக்கர். வண்டி இல்லை, மாடு இல்லை, குதிரை இல்லை. எல்லாம் கூடையில் சுமந்து கொட்டிய மண். வெட்டிப் பார்த்த ஆய்வாளர்களுக்கு ஒவ்வொரு கூடை மண்ணும் வேறு வேறு நிறத் திட்டாகத் தெரிந்திருக்கிறது. செயின்ட் லூயிஸுக்குள்ளும் இப்படிப்பட்ட மேடுகள் நிறைய இருந்தன. 'மேடுகளின் நகரம்' என்றே ஊருக்குப் பெயர். அங்கிருந்த பெரிய மேட்டை 1869க்குள் வெட்டி ரயில் பாதைக்கு மண்ணாகக் கொட்டிவிட்டார்கள். ஊருக்குள் இப்போது மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. அதன் ஒரு பகுதியை 2009இல் ஓசேஜ் மக்கள் விலை கொடுத்து வாங்கினார்கள், தங்கள் முன்னோரின் மேடு என்று.

இதைச் சொன்னதும், "பிட்டுக்கு மண் சுமந்த மாதிரி ஒவ்வொரு கூடையாகவா?" என்று கேட்டுவிட்டு அம்மா அந்தச் சரிவை அண்ணாந்து பார்த்தார். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட படிகள். நான் கீழேயே இருக்கலாம் என்றேன். கேட்கவில்லை. பாதியில் ஒரு தளம் வரும். அங்கே மூச்சு வாங்க நின்றோம். உச்சியில் ஒரு காலத்தில் பெரிய கட்டடம் ஒன்று இருந்தது, கோயிலாகவோ தலைவனின் மாளிகையாகவோ இருக்கலாம் என்று அங்கே சொன்னேன்.

மேலே காற்று பலமாக அடித்தது. சருகாகிக் கிடந்த புல்லின் அடியில் பச்சை எட்டிப் பார்த்தது. மேற்கே, சமவெளிக்கும் மரக்கூட்டத்துக்கும் அப்பால், ஆர்ச் ஒரு சின்னக் கம்பி வளையமாகத் தெரிந்தது. அதைக் காட்டத் திரும்பினால் அம்மா பக்கத்தில் இல்லை. கடைசிப் படியின் ஓரத்தில் குனிந்து, காலணியின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"குளிரும் அம்மா, போட்டுக்கொள்ளுங்கள்."

"இவ்வளவு மண்ணைத் தலையில் சுமந்திருக்கிறார்களே, தம்பி" என்றார். காலணிகளைப் படியோரம் ஒதுக்கி வைத்துவிட்டு, வெறுங்காலோடு புல்லின்மேல் நடந்தார்.